பிரிந்தாலும் குறையாதது

எட்டாம் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு நாள் கரும்பலகையில் 'செல் பிரிதல்' என்று தலைப்பு எழுதுகிறேன். எழுதிவிட்டுத் திரும்புவதற்குள் வகுப்பில் பாதிப் பேர் மனத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும். எட்டை இரண்டால் வகுத்தால் நான்கு. நான்கை இரண்டால் வகுத்தால் இரண்டு. பிரித்தால் குறையும் என்பதை நம் பெண்கள் கணக்கு நோட்டில் மட்டும் கற்கவில்லை. தாத்தா காலத்தில் நான்கு ஏக்கராக இருந்த நிலம் பாகப்பிரிவினைக்குப் பின் ஆளுக்கு ஓர் ஏக்கராகி, அதற்கடுத்த தலைமுறையில் வரப்புக்குப் போக மிச்சம் எவ்வளவு என்று எண்ணும்படி ஆகிவிட்ட கதையை வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ஆகவே 'ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது' என்று நான் சொன்னவுடன் ஏதாவது ஒரு வரிசையிலிருந்து ஒரு கை எழும்.

"அப்படீன்னா டீச்சர், ஒவ்வொண்ணுலயும் பாதிதானே இருக்கும்? பிரிஞ்சிக்கிட்டே போனா கடைசியில ஒண்ணுமே மிஞ்சாதே?"

இந்தக் கேள்வி எழாத வருஷம் எனக்குக் கவலையாக இருக்கும். எழுந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி. ஏனென்றால் செல் பிரிதலில் படிக்க வேண்டியதெல்லாம் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். நாம் ஒவ்வொருவரும் ஒரே ஒரு செல்லாக இருந்து தொடங்கியவர்கள். அந்த ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்துத் தடவை இரட்டித்தால் 1,024. இப்படியே கோடானுகோடியாகப் பெருகிய பின்னும், ஒவ்வொன்றிலும் அந்த முதல் செல்லில் இருந்த உயிர்க்குறிப்பு முழுவதும் அப்படியே இருக்கிறது. எப்படி?

புரோஃபேஸ், மெட்டாஃபேஸ், அனாஃபேஸ், டீலோஃபேஸ் என்று நான்கு பெயர்களை வாய்ப்பாடு போல மூச்சு விடாமல் ஒப்பிக்கும் மாணவியர் நம் பள்ளியில் ஏராளம். மனப்பாடத்தை நான் இகழ்கிறவள் அல்ல. ஆனால் இந்த நான்கு பெயர்களுக்கும் முன்னால், சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுகிற காரியம்தான் பாடத்தின் உயிர். அதற்கு 'இடைநிலை' என்று பெயர். 'செல் ஓய்வாக இருக்கும் நிலை' என்று சில பழைய நோட்டுகளில் ஒரு வரி எழுதியிருப்பார்கள். ஓய்வாவது ஒன்றாவது! அந்த நேரத்தில்தான் செல் தன் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் நகல் எடுக்கிறது. மனித செல் ஒன்றிலுள்ள டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். எழுத்துக் கணக்கில் சுமார் 600 கோடி. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் மனித செல் ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பிரிகிறது என்று வைத்துக்கொண்டால், நாம் படம் வரைந்து பாகம் குறிக்கிற அந்த நான்கு கட்டங்களும் சேர்ந்து ஒரு மணி நேரம் போலத்தான். நகலெடுப்புக்கு மட்டும் எட்டு மணி நேரம் போல ஆகிறது. கல்யாணம் ஒரு முகூர்த்தம். அதற்கு ஏற்பாடு மூன்று மாதம் என்பது போல.

இதைச் சொல்ல நான் ஏட்டுச் சுவடியை எடுத்துக்கொள்வேன். ஒரு வைத்தியர் வீட்டில் ஒரே ஒரு மருத்துவச் சுவடி. பிள்ளைகள் இருவரும் தனிக்குடித்தனம் போகிறார்கள். சுவடியை ஆளுக்குப் பாதி என்று பிரித்துக் கொடுத்தால் ஒருவனுக்குக் காய்ச்சலுக்கு மருந்து தெரியும், வயிற்றுவலிக்குத் தெரியாது, மற்றவனுக்கு நேர்மாறாக. புத்தியுள்ள வைத்தியர் என்ன செய்வார்? பிரிவதற்கு முன்பே உட்கார்ந்து, எழுத்தாணி பிடித்து, முதல் ஏட்டிலிருந்து கடைசி ஏடு வரை பெயர்த்தெழுதிவிடுவார். பிறகு ஆளுக்கு ஒரு முழுச் சுவடி. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவதைச் சொல்லலாமே என்று உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் யோசனை கூறினார். அழகான உவமைதான், எனக்குப் பிடிக்கவில்லை. சுடருக்கு எழுத்தில்லை. நகலெடுக்கும் உழைப்பும், நகலில் ஓர் எழுத்து தவறினால் வரும் வினையும் விளக்கில் தெரியாது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவர்கள் செய்த பிழையைத் திருத்துவதற்கே உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் எத்தனை பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று தமிழாசிரியை சொல்லியிருப்பார்களல்லவா? செல்லுக்குள்ளும் அப்படி ஒப்பிட்டுப் பிழை திருத்தும் ஏற்பாடு இருக்கிறது. அதையும் தாண்டித் தப்பிவிடும் பிழைகள் சில, பிரிதலை நிறுத்தத் தெரியாத செல்களை உண்டாக்கிவிடும்போதுதான் புற்றுநோய் தோன்றுகிறது.

அடுத்தது விளையாட்டு மைதானம். வேப்பமர நிழலில் கோலமாவினால் ஒரு பெரிய வட்டம் போடுவோம், அது செல். நான்கு மாணவியர் உள்ளே போய் நிற்பார்கள், அவர்கள் குரோமோசோம்கள். 'நகலெடுப்பு' என்று குரல் கொடுத்ததும் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் அவள் உயரத்துக்கு ஒருத்தி வந்து கைகோத்துக்கொள்வாள். பிறகு நான்கு ஜோடியும் நடுக்கோட்டில் வரிசை கட்ட வேண்டும். வட்டத்தின் இரு கோடியிலும் நிற்பவர்கள் கயிற்றை வீசி, ஜோடியில் ஆளுக்கு ஒருத்தியை இடுப்பில் கட்டி இழுப்பார்கள். கைகள் விடுபடும். ஒரு கோடியில் நான்கு, மறு கோடியில் நான்கு. நடுவே கோலமாவினால் ஒரு கோடு போட்டுவிட்டால் செல் இரண்டு. "ஆரம்பத்தில் எத்தனை பேர்?" என்று கேட்பேன். "நாலு!" "இப்போது ஒவ்வொரு செல்லிலும்?" "நாலு!" என்ற சத்தத்தில் பக்கத்து வகுப்பு சிஸ்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள்.

நூல் போல நீண்டு கிடக்கும் குரோமோசோம் பிரிவதற்கு முன் ஏன் சுருண்டு தடிக்க வேண்டும் என்பதை ஒரு வருஷம் எனக்குப் பதிலாக ஒரு மாணவியே விளக்கிவிட்டாள். அவள் வீட்டில் காஞ்சிபுரத்து முதலாளியிடம் பாவு வாங்கிப் பட்டு நெய்கிறார்கள். "விரிச்ச நூல அப்படியே தூக்கிட்டு நடந்தா சிக்கு விழுந்துடும் டீச்சர். கண்டாச் சுத்திக்கிட்டுத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றாள். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லி நான் படித்ததில்லை. 1882-இல் இதை விரிவாக எழுதி வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் வால்டர் ஃபிளெமிங் இதற்கு 'மைட்டாசிஸ்' என்று வைத்த பெயரே நூல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். சாலமாந்தர் என்னும் இருவாழ்வியின் இளம்பருவத்துச் செல்களில் அவர் கண்டதும் நூல் கண்டுகளே.

இவ்வளவும் சொன்ன பிறகுதான் வெங்காயம். சொல்வதற்கு முன்பே நுண்ணோக்கியைக் காட்டினால் குழந்தைகள் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "பார்த்தாச்சு டீச்சர்" என்று எழுந்து போய்விடுவார்கள்.

வீட்டில் செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காகச் சற்று விவரமாகவே எழுதுகிறேன். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர்; அதன் வாயில் வெங்காயத்தின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி உட்கார வைக்க வேண்டும். மூன்று நான்கு நாளில் வெள்ளை வெளேரென்று வேர் தொங்கும். பழைய வேரைச் சுரண்டிவிட்டு வைத்தால் சீக்கிரம் விடும். காலைப் பிரார்த்தனை முடிந்த கையோடு நாங்கள் வேர் நுனியை நறுக்கி, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் மூன்று பங்கு ஆல்கஹாலும் கலந்த திரவத்தில் போட்டுவிடுவோம். மறுநாள் அதை எடுத்து, வாட்ச் கிளாஸில் அசிட்டோகார்மைன் சாயமும் ஒரு சொட்டு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் இளஞ்சூடு காட்ட வேண்டும். கொதித்துவிடக் கூடாது. இரண்டு மில்லிமீட்டர் நுனியை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்து, மெல்லிய மூடுதகட்டைப் போட்டு, பென்சிலின் பின்பக்கத்தால் தட்டி, மேலே மையொற்றும் தாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்த வேண்டும். பக்கவாட்டில் நகர்த்தினால் எல்லாம் பாழ். பாத்திரம் துலக்கிப் பழகிய கை அழுத்தும் அழுத்தில் மூடுதகடுகள் நொறுங்குவது சகஜம். மூடுதகடு விலை தலைமையாசிரியை அவர்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மேலும் எழுதப் போவதில்லை.

அந்தச் சிவப்புச் சாயத்துக்கும் ஒரு கதை உண்டு. கார்மைன் என்பது சப்பாத்திக்கள்ளியில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுப்பது. மெக்சிகோவிலிருந்து உலகுக்கெல்லாம் போன விலை உயர்ந்த சாயம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் 1780-களில் நம் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டு, அந்தப் பூச்சியை இங்கே வளர்க்கலாம் என்று பெருமுயற்சி செய்தார். நல்ல சாயம் தரும் பூச்சி கடைசிவரை வாய்க்கவில்லை.

நுண்ணோக்கியில் முதலில் தெரிவது ஏமாற்றந்தான். கைபேசியில் கலர் கலராகப் படம் பார்த்துவிட்டு வந்தவள், "இங்க எதுவுமே நகரலையே டீச்சர்" என்பாள். நகராது, சாயம் ஏற்றுமுன்பே வேர் இறந்துவிட்டது. ஒவ்வொரு செல்லும் அந்தக் கணத்தில் என்ன செய்துகொண்டிருந்ததோ அப்படியே நின்றுவிட்டது. பெரும்பாலானவை இடைநிலையில் உருண்டையாக இருக்கும். தேடித் தேடிப் பார்த்தால் எங்கோ ஒன்றில் நூல் சுருள். வேறொன்றில் நடுக்கோட்டு வரிசை. இன்னொன்றில் இரு கோடிக்கும் பிரிந்து போகும் இரண்டு கூட்டம். சினிமாச் சுருளைத் துண்டு துண்டாக வெட்டித் தரையில் கொட்டிவிட்டதைப் போல. துண்டுகளைச் சரியான வரிசையில் அடுக்குவதுதான் மாணவியின் வேலை. ஆகையால் நான் படம் வரைந்து பெயர் குறிக்கச் சொல்வதில்லை. தான் கண்ட பத்து செல்களைப் பத்து அட்டையில் வரைந்து, எது முன், எது பின் என்று அடுக்கி, ஏன் என்று சொல்லச் சொல்வேன். அடுக்கிவிட்டவளுக்கு நான்கு பெயரும் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடும்.

நல்ல தகடு அமைந்துவிட்டால் எண்ணிப் பார்க்கலாம். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம்கள், அதாவது 8 ஜோடி. எண்ணுவது எளிதென்று நினைத்துவிடாதீர்கள். மனிதனுக்கு 48 என்று 1923 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் பாடநூல்களில் அச்சிட்டார்கள். ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர், ஆல்பர்ட் லெவானுடன் சேர்ந்து சுவீடனில் பொறுமையாக எண்ணி, 46-தான் என்று 1956-இல் வெளியிட்ட பிறகே திருத்தினார்கள். எட்டாம் வகுப்பில் ஒருத்தி பதினாறுக்குப் பதிலாகப் பதினேழு என்றால் நான் கோபிப்பதில்லை. மறுபடி எண்ணச் சொல்கிறேன்.

குரோமோசோம் எண்ணுவதையே வாழ்க்கையாகக் கொண்ட ஒரு பெண்மணி நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் போகும்போது பூந்தமல்லி தாண்டியதும் மதுரவாயல் வருகிறதல்லவா? அங்கே சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் ஆய்வுக்கூடத்தில் தம் கடைசி நாள் வரை உழைத்து 1984-இல் மறைந்தவர் ஜானகி அம்மாள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்தார். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பையும் நாணல் போன்ற அதன் காட்டு உறவுகளையும் ஆராய்ந்தார். வெங்காயத்துக்குப் பதினாறே, நாம் கடித்துத் துப்பும் கரும்புக்கோ நூற்றுக்கு மேல்! 1945-இல் டார்லிங்டன் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து, உலகில் பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். 1977-இல் பத்மஸ்ரீ விருது. அவர் செய்ததும் இதே வேலைதான் என்று சொல்லிவிட்டு வேர் நுனியைக் கொடுத்தால், மாணவியரின் கட்டைவிரல் கொஞ்சம் நிதானமாக அழுத்துகிறது.

இனி, உண்மையிலேயே குறைகிற பிரிவு ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் வைத்த பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும்: குன்றல் பிரிவு. மியாசிஸ் என்பதை விட எவ்வளவு தெளிவு! தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் உண்டாகும்போது மட்டும் எண்ணிக்கை பாதியாகக் குன்றுகிறது. 46 என்பது 23 ஆகிறது. இரண்டு 23 சேர்ந்துதான் மறுபடி 46. குன்றாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். ஆனால் இந்தப் பாதி, கண்ணை மூடிக்கொண்டு வெட்டிய பாதி அல்ல. ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று. ஜோடியில் எது? அதை யாரும் தீர்மானிப்பதில்லை.

இந்த இடத்துக்கு வரும்போது உத்திரமேரூரில் ஆசிரியையாக இருப்பது பெரிய பாக்கியம். குடவோலை என்றால் என்னவென்று வேறு ஊரில் விளக்க வேண்டும். இங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டினால் போதும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். ஊரின் 30 குடும்புகளுக்கும் தனித்தனியே ஓலை. குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்பது வரை எழுதியிருக்கிறது. மூடிய கையில் ஓலையை மாற்றிவிடலாம் என்று அந்தக் காலத்திலேயே சந்தேகப்பட்டிருக்கிறார்கள்! குன்றல் பிரிவிலும் அதே முறைதான். அங்கே 30 குடும்புக்கு 30 தடவை. நம் உடலில் 23 ஜோடிக்கு 23 தடவை. ஒவ்வொரு தடவையும் இரண்டில் ஒன்று என்றால் எத்தனை விதமாக அமையும் என்று கணக்கு ஆசிரியையைக் கேட்டேன். 83,88,608 என்றார்கள். அக்காளும் தங்கையும் ஒரே வயிற்றில் பிறந்தும் ஏன் ஒரே மாதிரி இல்லை என்ற கேள்வி அன்றோடு தீர்ந்தது. (ஜோடிகள் பிரியுமுன் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதும் உண்டு; அது மேல்வகுப்புக்கு.)

வழக்கமாக எட்டாம் வகுப்பில் இத்தோடு நிறுத்திவிடுவேன். ஒரு வருஷம் நிறுத்த முடியவில்லை. அந்த மாணவியும் அவள் தாயாரும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

வகுப்பு முடிந்தும் அவள் போகாமல் நின்றாள். வீட்டில் மூன்றாவதாகத் தங்கை பிறந்து இரண்டு மாதம். அப்பாவைப் பெற்ற ஆயா, பக்கத்துத் தெருவிலேயே இருந்துகொண்டு குழந்தையை வந்து பார்க்கவில்லை. "மூணாவதும் பொட்டையாப் பெத்துப் போட்டாளே" என்று தெருவில் பேச்சு. "அம்மா சாப்பாட்டுத் தட்டு முன்னால உக்காந்து அழறாங்க டீச்சர். அந்தக் குடத்துல ஓலை எடுக்கறது எங்க அம்மாவா?" என்று கேட்டாள்.

தலைமையாசிரியை அவர்களிடம் போய், பாடத்துக்கு மேலே ஒரு விஷயம் சொல்ல அனுமதி கேட்டேன். "குழந்தை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பாதீர்கள்" என்றார்கள்.

மறுநாள் வகுப்பில் இரண்டு மண்குடங்கள். தாயின் குடத்தில் இரண்டு ஓலை. இரண்டிலும் 'எக்ஸ்' என்று எழுதியிருந்தது. தந்தையின் குடத்தில் ஒன்றில் 'எக்ஸ்', ஒன்றில் 'ஒய்'. குடத்துக்கு ஒரு ஓலை எடுக்க வேண்டும். இரண்டு எக்ஸ் சேர்ந்தால் பெண். எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஆண். மாணவியர் வரிசையாக வந்து கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். தாயின் குடத்தில் எத்தனை தடவை கைவிட்டாலும் எக்ஸ்தான் வந்தது. பிள்ளை ஆணா பெண்ணா என்பது தாயின் குடத்தில் எழுதியிருக்கவே இல்லை. இதை 1905-இல் முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவரும் ஒரு பெண்தான். நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க அம்மையார், பள்ளி ஆசிரியையாக இருந்து, 35 வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். மாவில் உண்டாகும் புழுவின் செல்களை ஆராய்ந்து, பெண்ணுக்கு 20 பெரிய குரோமோசோம்களும், ஆணுக்கு 19 பெரியதும் ஒரு சிறியதும் இருப்பதைக் கண்டார். சல்லடையில் சலித்துத் தூர எறிகிற அந்த வண்டுப்புழு சொன்ன சேதி நூறாண்டுக்கு மேலாகியும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. தமிழ்நாட்டில் 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது; கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

"அப்ப தப்பு எங்க அப்பா மேலயா?" என்றாள் அவள். இல்லை என்று சொன்னேன். எழுதியிருப்பதை அறியாத சிறுவன்தானே ஓலை எடுக்கிறான்? அப்பாவுக்கும் அதில் கை இல்லை. தப்பு என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை.

அப்போது பின்வரிசையில், வருஷம் முழுவதும் வாய் திறக்காத ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், அப்பா குடத்துல அந்த எக்ஸ் ஓலை எங்கேருந்து வந்துது?"

நானாகச் சொல்ல நினைத்திராத இடம் அது. அப்பாவும் ஒரு தாய்க்கும் தந்தைக்கும் பிறந்தவர். அவருடைய 'ஒய்' அவர் தந்தையிடமிருந்து வந்தது. 'எக்ஸ்' அவர் தாயிடமிருந்து வந்தது; வேறு வழியே இல்லை. அவரிடம் எக்ஸ் ஒன்றே ஒன்றுதான் இருப்பதால், அதை அவர் தம் பெண்களுக்கு, அநேகமாக ஓர் எழுத்துக் குறையாமல், அப்படியே கொடுக்கிறார். மகனாகப் பிறந்திருந்தால் அந்த ஓலை போயிருக்காது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டு வந்தவள் பாதியில் திரும்பிப் பார்த்தேன். அந்த மாணவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப எங்க மூணு பேருகிட்டயும் இருக்கறது எங்க ஆயாவோட ஓலை!"

அன்று மாலை வகுப்பிலிருந்த இரண்டு குடத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அடுத்து நடந்ததைப் பெற்றோர் கூட்டத்தன்று அவள் தாயார் சொல்லித்தான் தெரியும். ஆயா முதலில், "படிச்ச பொண்ணு நாலு விதமாப் பேசும்" என்று குடத்தைத் தொடவே இல்லையாம். இவள் விடவில்லை. குடத்தை ஆயா வீட்டுத் திண்ணையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் அதை வைத்துச் சீட்டெடுத்து விளையாடியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆயா தாமாகவே வந்து, ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.

"என் ஓலை எங்க இருக்குதாம் இதும் உடம்புல?"

"எல்லா இடத்துலயும்தான் ஆயா. உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் ஒவ்வொரு செல்லுலயும் முழுசா இருக்குது" என்றிருக்கிறாள் இவள்.

இதில் ஒரு திருத்தம் உண்டு. முதிர்ந்த இரத்தச் சிவப்பணுக்களில் உட்கரு கிடையாது. ஆகவே அவற்றில் யாருடைய ஓலையும் இருக்காது. அதை அடுத்த வாரம் இரத்தம் பற்றிய பாடத்தில் சொல்லிக்கொடுத்தேன். குறித்துக்கொண்டாள்; ஆயாவிடம் போய்ச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை.